மாமாவின் புல்லட்டும் ஏழு பழைய பிளக்குகளும்

அம்மாபேட்டைக்கு அருகில் அம்மா பிறந்த ஊரில், மாட்டுக் கொட்டகையின் மூலையில், உரச் சாக்குகளுக்கும் பழைய கலப்பை ஒன்றுக்கும் நடுவே மாமாவின் புல்லட் பதினோரு ஆண்டுகள் நின்றது. 1986-இல் மாமா புதிதாக வாங்கிய வண்டி அது. டி.என். என்று தொடங்கும் இப்போதைய வகைப் பதிவெண்கள் 1989-இல் வருவதற்கு முன்பு இருந்த மூன்றெழுத்து எண்தான் இன்னும் அதன் முன் மட்கார்டின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்த மாமா, அந்த வண்டியில் போகாத கிராமம் எங்கள் வட்டாரத்தில் இல்லை. 2012 பொங்கலுக்குப் பிறகு அவர் அதை எடுக்கவில்லை என்பது அத்தையின் கணக்கு. மூன்று ஆண்டுகள் கழித்து மாமாவும் போய்விட்டார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

2023 கோடையில், பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து விலை கேட்டுவிட்டுப் போன செய்தி தெரிந்ததும், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான்; என் ஸ்கூட்டருக்குக் காற்று அடிப்பதைத் தவிர வண்டி வேலை எதுவும் அதுவரை செய்ததில்லை. அத்தை மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார். "நல்லாத்தான் ஓடும் தம்பி. சாலியமங்கலம் கடைத்தெருவுக்குப் போனா நின்னுடும். அங்க ஒரு டீ குடிச்சிட்டு உதைச்சா திரும்பவும் கிளம்பும். அந்த வெறுப்புலதான் மாமா நிறுத்திப் போட்டுட்டாரு." இந்த வாக்கியங்களை அப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் எனக்கு ஒரு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். துருப்பிடித்த சைலன்சரையும் பெட்ரோல் டேங்கின் மேல் படிந்திருந்த கோழி எச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர மனத்தில் தங்கவில்லை.

அன்றே கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சையும் வைக்கோலையும் கடித்துப் போட்டு எலி கட்டியிருந்த கூடு ஒன்று, பிடி உடைந்த திருப்புளி ஒன்று, முகப்பவுடர் டப்பா ஒன்று. டப்பாவுக்குள், 2011-ஆம் ஆண்டு செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகள், பயன்படுத்திய மைக்கோ பிளக்குகள், ஏழு இருந்தன. ஒரு சிலிண்டர் வண்டிக்கு எதற்கு ஏழு பிளக் என்று நினைத்துக்கொண்டு டப்பாவை மூடி வைத்தேன்.

புல்லட் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் வண்டி உருவானது. இங்கிலாந்தில் புல்லட் நின்றுபோன பிறகும், ஏறக்குறைய அதே வார்ப்பிரும்பு எஞ்சினை 2010 வாக்கு வரைக்கும் நம் ஊரில் செய்துகொண்டிருந்தார்கள். 70 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம், 346 சி.சி. கொள்ளளவு, எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி, கிளட்ச் அறை தனி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஒன்றுமே தெரியாதவன் கற்றுக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது என்பது என் கருத்து, ஏனென்றால் இதில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற காரியம் மிகக் குறைவு. இன்றைய வண்டிகளில் பழுதைக் கணினியைச் செருகித்தான் கேட்க வேண்டும். இதில் மூடியைத் திறந்து பார்த்தால் போதும்.

குட்டி யானையில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிய உடனே உதைத்துப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. கீழவாசலில் நாற்பது ஆண்டுகள் பட்டறை நடத்திவிட்டு ஓய்ந்திருக்கும் ஒரு பெரியவரை அதற்கு முன்பே போய்ப் பார்த்திருந்தது என் நல்ல காலம். "பாய், வண்டி வந்துடுச்சு, உதைச்சுப் பாக்கட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த எடுப்புல பிரியாணி போடுவீங்களா தம்பி? முதல்ல பிளக்கைக் கழட்டுங்க" என்றார். தாம் வண்டியில் கை வைக்க மாட்டேன் என்றும், கேட்டால் சொல்கிறேன் என்றும் முதல் நாளே நிபந்தனை போட்டிருந்தார். கண் மங்கிவிட்டது என்று காரணம் சொன்னார். எனக்குக் கற்றுக்கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் அவர் நட்டு ஒன்றைத் தடவித் தேடியதைப் பார்த்தபோது உண்மைதான் என்று தெரிந்தது.

ஆண்டுக்கணக்கில் அசையாத பிஸ்டனின் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் முழு பலத்தோடு உதைத்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஆகவே பிளக் துளையின் வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் வண்டியை நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தபோது, முதலில் கல்லாக நின்றது, பிறகு ஓர் அங்குலம் நகர்ந்து, பிறகு பொத்தென்று ஒரு முழுச் சுற்று வந்தது. உள்ளே ஊற்றிய எண்ணெய் பிளக் துளை வழியாகப் பீறிட்டு என் சட்டையில் அடித்தது. அந்தச் சட்டையை வேலைச் சட்டையாக வைத்துக்கொண்டேன்.

அடுத்தது எண்ணெய். இந்த எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனி அறை கிராங்க் அறையின் பின்னாலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை உள்ளே அனுப்பும். இன்னொரு பம்ப் கீழே சேர்வதைத் திருப்பி எடுத்து வரும். வண்டி நீண்ட காலம் நின்றால் அந்த எண்ணெய் பம்பின் இடைவெளி வழியாகக் கசிந்து கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அதை வடிக்காமல் ஸ்டார்ட் செய்கிறவர்கள், சைலன்சரிலிருந்து வரும் புகையைக் கண்டு ரிங் போய்விட்டது என்று பயந்து எஞ்சினைப் பிரித்துவிடுவார்களாம். எனவே அடியில் இருக்கும் வடிகால் திருகாணிகள் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் பாதிதான் வரும். முதல் துளையில் தார் போன்ற கறுப்பு எண்ணெயும், இரண்டாவதில் ஈரம் கலந்து மோர் நிறத்தில் திரிந்த ஒரு கூழும் வந்தன. ஃபெல்ட் ஃபில்டரை மாற்றிவிட்டு, 20டபிள்யூ-50 எண்ணெய் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் ஊற்றினேன்.

பெட்ரோல் டேங்க்தான் என் பொறுமையைச் சோதித்தது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனை பெட்ரோலுடையது அல்ல, பழைய வார்னிஷுடையது. டார்ச் அடித்துப் பார்த்தால் உட்புறம் முழுவதும் செந்நிறத் துரு. அடியில் வெல்லப்பாகு போல ஒன்று. பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுவது போலப் புளி போட்டு ஊறவைக்கச் சொன்னார் அத்தை. புளிப்பு துருவை எடுக்கும் என்பதில் தவறில்லை. பதினான்கு லிட்டர் டேங்குக்குப் புளி கரைப்பதைவிட வினிகர் வாங்குவது எளிது என்பதால் வினிகரை நிரப்பி இரண்டு இரவுகள் வைத்தேன். பிறகு சிறிய நட்டுகளை உள்ளே போட்டு, பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக் குழந்தையை ஆட்டுவது போல ஆட்ட வேண்டும். நட்டுகளை எண்ணிப் போட வேண்டும் என்று பாய் எச்சரித்திருந்தார். நாற்பத்தொன்று போட்டேன், நாற்பதுதான் வெளியே வந்தது. அந்த ஒன்றைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டேங்கைத் தலைகீழாகக் குலுக்கினேன். கடைசியில் காந்தத்தைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுத் துழாவி எடுத்தேன். அதன் பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் புளிப்பை முறித்து, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலால் உட்புறத்தை நனைத்து வைத்தேன். காயவைத்துச் சும்மா விட்டால் அன்று மாலையே புதுத்துரு பூக்கும்.

பெட்ரோல் டேப்பையும் ரப்பர் குழாயையும் யோசிக்காமல் மாற்றிவிட்டேன். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதை மனத்தில் வைக்காமல் செய்யப்பட்ட அந்தக் காலத்து ரப்பரை ஊதவோ வெடிக்கவோ வைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு நிறுத்துவதே நல்லது. மாமா வடிக்காமல் நிறுத்தியிருந்தார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது பச்சை நிறத்தில் பிசின் உறைந்திருந்தது.

கார்புரேட்டர் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இருந்த பயம், அதைப் பிரித்து ஒரு வெள்ளைத் துணியில் பரப்பியதும் போய்விட்டது. 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் அது. மிதவை ஒன்று, அது தூக்கியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி ஒன்று, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளை ஜெட்டுகள் இரண்டு, மேலேறி இறங்கும் ஸ்லைடு, இரண்டு திருகாணிகள், இவ்வளவுதான். மெயின் ஜெட்டின் துளை கண்ணுக்குத் தெரிந்தது. பைலட் ஜெட்டின் துளை எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. வண்டி சும்மா நின்று ஓடுவதற்கு வேண்டிய பெட்ரோல் முழுவதும் அந்த மயிரிழைத் துளை வழியாகத்தான் போக வேண்டும். ஊசியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும். பிறகு ஜெட்டின் அளவு ஜெட்டின் அளவாக இருக்காது. மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பிழையை விட்டு, கார்ப் கிளீனர் அடித்து, இரண்டு நாள் போராடித் திறந்தேன்.

சைலன்சரின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி உடைத்தேன்; ஒரு கைப்பிடி மண் கொட்டியது. ஹெட்லைட்டுக்குள் போகும் கம்பிகளில் மூன்றை எலி கடித்திருந்தது. டயர்கள் இரண்டும் பார்வைக்குப் பட்டன் தேயாமல் இருந்தாலும், பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் படித்தால் 2009-இன் இருபத்தாறாவது வாரத்தில் செய்தவை என்று தெரிந்தது. விரலால் மடித்தால் வெடிப்பு விரிந்தது. 3.25-19 அளவில் இரண்டு புதிய டயர்கள், டியூப், பிரேக் ஷூ நான்கு, புதிய கேபிள்கள் ஆகியவற்றுக்குத்தான் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போனது. பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிறகு பொறி. 6 வோல்ட் பேட்டரி புதிதாக வாங்கினேன். பழையது உப்புப் பூத்து ஓடு மட்டும் மிச்சமாக இருந்தது. எஞ்சினின் வலப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே பாயிண்ட் இருக்கிறது. சுழலும் மேடு ஒன்று அந்தப் பாயிண்டைத் திறந்து மூடுகிறது. திறக்கும் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழுகிறது. பாயிண்டின் இரு முகங்களும் கறுத்துக் குழி விழுந்திருந்தன. நின்றதால் கறுத்திருக்கும் என்று முடிவு செய்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளியைச் சரிசெய்தேன். துரு வேறு, கருகல் வேறு. ஈரத்தில் நின்ற பாயிண்ட் மங்கிப் பூத்திருக்கும். குழி விழுந்து கருகுவது ஓடும்போது நடப்பது. அந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியவில்லை, பாயிடம் அதைச் சொல்லவும் இல்லை. பொறி விழ வேண்டிய கணத்தை, அதாவது டைமிங்கை, மட்டும் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல வைத்தேன்: பாயிண்டுக்கு நடுவே ஒரு சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை நகர்த்த வேண்டும், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது தாள் கையோடு வந்துவிட வேண்டும். வால்வைத் தள்ளித் திறக்கும் டாப்பெட்டின் இடைவெளிக்குக் கேஜே வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது தள்ளுகம்பியை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

உதைக்கப் போகும் முன் இன்னொன்று மிச்சமிருந்தது. நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புல்லட்டில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. எனவே கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தால் எஞ்சின் சுற்றாமல் கால் லேசாக இறங்க வேண்டும். எனக்கு எஞ்சினும் சேர்ந்து சுற்றியது, அதாவது ஒட்டியிருக்கிறது. கிளட்ச் லீவரைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, முப்பது நாற்பது முறை மிதித்த பிறகு 'டக்' என்று விட்டது. இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டிருந்தால் வண்டி பாய்ந்து எதிர்வீட்டுச் சுவரைச் சந்தித்திருக்கும்.

புல்லட்டை உதைப்பதற்கு பலம் வேண்டும் என்று சொல்பவர்கள் உதைக்கத் தெரியாதவர்கள் என்று பாய் சொல்வார். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டரின் முள் இடப்புறம் சரியும், பிறகு நடுவுக்கு வரும், காலில் ஓர் இறுக்கம் தெரியும். அப்போது, சிலிண்டருக்குள் இறுகிய காற்றை வெளியே விடும் டீகாம்ப் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து மயிரிழை தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலிருந்து அடிவரை ஒரே வீச்சில் இறக்க வேண்டும். நடுவில் தயங்கினால் எஞ்சின் பின்னோக்கி அடிக்கும். ஐந்தாவது முயற்சியில் நான் தயங்கினேன். ரப்பர் செருப்போடு நின்ற என் கெண்டைக்காலில் கிக்கர் திருப்பி அடித்த அடியில் இரண்டு நாள் நொண்டினேன். ஷூ போட்டுக்கொண்டு மறு வாரம் நின்றேன். ஒன்பதாவது உதையில் எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது, பத்தாவதில் பிடித்துக்கொண்டது.

முதல் இரண்டு நிமிடம் தெரு முழுவதும் புகை. குளவிக் கூட்டின் மிச்சம் சைலன்சரிலிருந்து சாலையில் தெறித்தது. பிறகு புகை மெலிந்து, 'டப்... டப்... டப்...' என்று மாமா வாசலில் வந்து நிற்கும் சத்தம் அப்படியே வந்தது. அத்தைக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த ஐந்து மாதங்கள் காகிதங்களுக்குப் போயின. உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசின் பெயருக்கு மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், காப்பீடு, பசுமை வரி, பிறகு வண்டியையே கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்டுவது. ஆய்வுக்கும் குட்டி யானையில்தான் ஏற்றிப் போனேன். பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. இந்த மாதங்களில் வாரம் ஒருமுறை வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிடுவேன். ஒரு குறையும் இல்லை. நான் வேலை முடிந்துவிட்டது என்று நம்பினேன், பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லவும் செய்தேன்.

காகிதங்கள் கைக்கு வந்த வாரம் வண்டியை அத்தையிடம் காட்டுவதற்காக அம்மாபேட்டைச் சாலையில் கிளம்பினேன். ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்பேன். எஞ்சின் இரண்டு முறை தடுக்கியது, சைலன்சரில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது, நின்றுவிட்டது. உதைத்தேன், இல்லை. பதற்றத்தில் பிளக்கைக் கழற்றி, கொண்டுபோயிருந்த புதுப் பிளக்கை மாட்டி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் உதைத்தேன். இரண்டாவது உதையில் கிளம்பியது. பிளக்தான் கோளாறு என்று நிம்மதியோடு போனேன். திரும்பி வரும் வழியில், ஏறக்குறைய அதே அளவு தூரத்தில், புதுப் பிளக்கோடு வண்டி மீண்டும் நின்றது. சாலியமங்கலம் கடைத்தெரு. எதிரே டீக்கடை.

அத்தை சொன்னது அப்போதுதான் முழுவதுமாக நினைவுக்கு வந்தது. நான் எட்டு மாதங்களாகச் சரிசெய்தது எல்லாம் வண்டி நின்றதால் வந்த கோளாறுகளை: துரு, பிசின், குளவி, எலி. வண்டி எதனால் நிறுத்தப்பட்டதோ அந்தக் கோளாறு இவற்றுக்கெல்லாம் அடியில், பதினோரு ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கிறது. வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிடுவதில் அது தலைகாட்டாது. எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும்.

இந்த முறை பதறாமல் டீ சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து வைத்து உதைத்தேன், பலனில்லை. குழாயைக் கழற்றினால் பெட்ரோல் தாராளமாக வந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலைமீது வைத்து உதைத்தால் பொறி இல்லை, அல்லது சாம்பலுக்குள் தணல் போல ஒரு மங்கல் சிவப்பு. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே பிளக்கில் அழகான நீலப் பொறி. அப்படியானால் கோளாறு மின்சாரத்தில், அதுவும் சூட்டில் மட்டும் வருவது. பாயைத் தொலைபேசியில் அழைத்தேன். பேட்டரியின் மின்சாரத்தைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் காயில், இல்லாவிட்டால் கன்டென்சர் என்றார்; எது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகளும் சொன்னார். மறுநாள் வேண்டுமென்றே ஓட்டி, நிற்கவைத்து, முதலில் காயிலின் மேல் ஈரத் துணியைச் சுற்றிக் குளிரவைத்தேன், கிளம்பவில்லை. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிக்கரை மிதித்துக்கொண்டே பாயிண்டைப் பார்த்தேன். பிளக்கில் விழ வேண்டிய பொறி பாயிண்டில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.

கன்டென்சர் என்பது விரல் நுனி அளவுள்ள ஓர் உலோகக் குப்பி. பாயிண்டுக்குப் பக்கத்திலேயே திருகாணியில் நிற்கிறது. அதன் கொள்திறன் ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்க மனமில்லாமல் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். கன்டென்சர் அதை ஒரு கணம் வாங்கி வைத்துக்கொள்வதால்தான் மின்சாரம் வெட்டினாற்போல நிற்கிறது, அந்த வெட்டில்தான் காயிலின் மறுசுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. குப்பிக்குள் இருக்கும் காப்பு பழசாகி, சூட்டில் கசியத் தொடங்கினால், பாயிண்ட் கருகும், பிளக் பட்டினி கிடக்கும். ஆறியதும் காப்பு மீண்டும் வேலை செய்யும். முதலில் பாயிண்டில் பார்த்த கறுத்த குழிகளுக்குப் பொருள் அதுதான்.

அதன் விலை மிகச் சொற்பம். நான் அவசரத்தில் வாங்கிய முதல் கன்டென்சர் போலி. மூன்றாம் வாரமே பழைய கதை. இரண்டாவதைப் பாய் சொன்ன இடத்தில் பொருத்தினேன். எஞ்சின் சூடு ஏறும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைக்காமல், கம்பியை நீட்டி, டேங்குக்கு அடியில் காயிலின் பக்கத்தில் காற்றுப்படும்படி மாட்டுவது பழைய பட்டறைக்காரர்களின் வழக்கமாம்.

அந்த இரவு முகப்பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்தேன். வண்டி நின்றதும் மாமா என்ன செய்திருப்பார் என்பது நானே அதைச் செய்திருந்ததால் தெளிவாகத் தெரிந்தது. பிளக்கைக் கழற்றியிருப்பார், கடைத்தெருவில் புதிது வாங்கி மாட்டியிருப்பார், அதற்குள் எஞ்சின் ஆறி இருக்கும், உதைத்ததும் கிளம்பியிருக்கும். பிளக்தான் காரணம் என்று ஒவ்வொரு முறையும் வண்டியே அவருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. ஆனாலும் கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாமல் தாளில் சுற்றி வைத்திருக்கிறார். அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதையும் எறியாத அவருடைய குணம்தான் காரணமோ என்னவோ.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிற்காமல் அம்மாபேட்டை போய், அங்கிருந்து நீடாமங்கலம் வரைக்கும் போய்த் திரும்பினேன். அத்தை வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "சாலியமங்கலத்துல நின்னுச்சா?" என்று கேட்டார். "டீ குடிக்க நான்தான் அத்தை நிறுத்துனேன்" என்றேன். ஹாரன் இன்னும் பூனை கத்துவது போலத்தான் கத்துகிறது. கியர் பெட்டியின் அடியில் நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுகிறது, அதற்கு வேறு கேஸ்கெட் வெட்ட வேண்டும்.

ஏழு பிளக்குகளையும் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, இடைவெளி வைத்து, ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. மற்ற ஆறும் நல்ல பிளக்குகள். அவற்றில் ஒன்றுதான் இப்போது வண்டியில் இருக்கிறது.